வெற்று எடை

ஆரம்பாக்கத்தில் கொல்கத்தா நெடுஞ்சாலையைப் பார்த்தபடி
என் எடைமேடை.
அறுபது டன் வரை பொய் சொல்லாது,
அதற்கு மேல் அதற்கே தெரியாது.

இரவுப் பணி எனக்கு.
லாரி வராத இடைவெளிகளில்
பழைய ரசீதுகளின் முதுகில்
காளங்கி ஹவுசிங் பங்கின் விலையை எழுதுகிறேன்.
தடா தாண்டி ஆற்றுக்கு அந்தப் பக்கம்
எண்பது ஏக்கர் வேலியும் ஒரு அலங்கார வளைவும்
வைத்திருக்கும் கம்பெனி.
சீட்டெடுத்த பணத்தில் முந்நூறு பங்கு,
எண்பத்து மூன்று ரூபாய்க்கு.
தொண்ணூற்றொன்றிலிருந்து இறங்கியிருந்ததால்
மலிவு என்று நினைத்தேன்.

இருநூறு நாள் சராசரி.
கைபேசியே கோடு போட்டுக் காட்டும், தெரியும்.
ஆனால் எந்த நாளைத் தூக்கிப் போட்டது என்று சொல்லாது.
கையால் போட்டால் சொல்லும்.
எல்லாவற்றையும் மறுபடி கூட்ட வேண்டாம்:
இன்றையதைச் சேர், இருநூறு நாள் முந்தியதை எடு,
வித்தியாசத்தை இருநூறால் வகு.
அன்று தொண்ணூற்றொன்று, இன்று அறுபத்தொன்று,
கோடு பதினைந்து பைசா இறங்கும்.
முப்பது ரூபாய் வீழ்ச்சிக்குப்
பதினைந்து பைசா துக்கம்.
இத்தனை மெதுவாக வருத்தப்படுகிற ஒன்றை
நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

மண்ணை விற்கிற பங்குக்கு இந்த மெதுவு பொருத்தம்தான்.
கான்கிரீட் இறுக இருபத்தெட்டு நாள்,
பட்டா மாற ஒன்பது மாதம்,
வில்லங்கம் தீர ஓர் ஆயுசு.
விலை மட்டும் ஏன்
பிடிபட்ட இறால் மாதிரி துள்ளுகிறது?

ரசீதின் இன்னொரு ஓரத்தில்
யாரும் கேட்காத ஒரு வரிசை:
காளங்கிக்கு எம்-சாண்ட் ஏற்றிப்போன வண்டிகள்.
சித்திரையில் நாளுக்குப் பதினான்கு.
ஆடியில் ஒன்பது.
ஐப்பசியில் நாலு; மழை என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.
கார்த்திகையில் வெயில் வந்தது,
வண்டி இரண்டுதான் வந்தது.

மார்கழியில் ஒரு வதந்தி, பெரிய தொழிற்சாலை வருகிறதாம்.
அறுபத்து நாலு, எழுபது, எழுபத்தேழு.
சூளூர்பேட்டை சப்-புரோக்கர் கோதண்டம்
குரல் செய்தி அனுப்பினார்:
"கோட்டை வெட்டிக்கிட்டு மேலே வந்துடுச்சு அமிர்தா மேடம்,
இன்னும் ஒரு முந்நூறு போடுங்க."

நேற்று எண்பத்தைந்து.
வரிசையின் வாலில் எண்பத்து மூன்று.
நான் வாங்கிய நாள் அது,
எடுத்துப் போட்டேன்.
பத்து மாதத்தில் முதல்முறையாகக்
கோடு ஏறியது.
ஒரு பைசா.

விடியற்காலை மேடையில் ஒரு டிப்பர் ஏறியது.
பென்சலய்யா. பின்னால் வெறும் தொட்டி.
"பனி லேதம்மா" என்றான்.
எனக்குத் தமிழில் கேட்டது.
கண்ணாடிக்கு வெளியே தடா வரைக்கும் பனி.
இருக்கே, என்றேன்.
சிரித்துவிட்டு, "வேலை" என்று மொழிபெயர்த்தான்.
அங்கே இரண்டு மாத பில் பாக்கி.
வண்டியை நெல்லூர்க்காரர் ஒருவர் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்,
வெற்று எடைச் சீட்டு வேண்டுமாம்.

மொத்தம் 11,240.
வெற்று 11,240.
சரக்கு 0.
அறுபது ரூபாய் நீட்டினான்,
சில்லறை இல்லை என்று பொய் சொல்லி அனுப்பினேன்.
அந்தச் சுழியை லாரி வரிசையிலும் எழுதினேன்.
சராசரி, சுழியையும்
ஒரு நாளாகத்தான் எண்ணும்.

பகல் ஆள் வரத் தாமதம்.
ஒன்பதே காலுக்குச் சந்தை திறந்தது.
முந்நூறையும் எண்பத்து நாலுக்கு விற்றேன்.
தரகு, வரி போக
இரண்டு பேர் பிரியாணி சாப்பிடலாம்.

தூங்கி எழுந்து பார்த்தால்
தொண்ணூறில் முடிந்திருக்கிறது.
கோதண்டம் தலையில் அடித்துக்கொள்ளும்
பொம்மை ஒன்றை அனுப்பியிருந்தார்.
எழுதிக்கொண்டேன். வாலில் எண்பத்திரண்டு,
நாலு பைசா ஏற்றம்.

என்னிடம் வாங்கியவர் யாரோ, எந்த ஊரோ.
இன்றைக்குத்தான் அவருக்கு முதல் நாள்.
இனி இந்த இருநூறும் அவருடையது.